மித்தி நதிக்கரையில் ஓர் ஆடிப்பெருக்கு

2025-ல் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா, இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு ஆறு கூடவா இல்ல?"

"இருக்கே பாட்டி, மித்தி நாலா" என்றாள் மகள். நாலா என்றால் இங்கே சாக்கடை. எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு மேல் ஆண்டாப் ஹில்லில் இருக்கிறேன், நானும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு காரைக் கிளப்பினேன். ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரை பார்த்துவிடுவது என்று முடிவு.

முதலில் பவாய். விகார் ஏரியிலும் பவாய் ஏரியிலும் வழியும் தண்ணீர் சேர்ந்துதான் மித்தி ஆகிறது. மொத்தமே சுமார் 18 கிலோமீட்டர். விகார் 1860-ல் கட்டி முடிக்கப்பட்டது. பம்பாய்க்குக் குழாயில் குடிநீர் வந்ததே அதற்குப் பிறகுதான். பவாய் ஏரி 1891-ல் வந்தது. தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் போனதால் தூண்டில் போடுபவர்களுக்கும், காற்று வாங்க வருபவர்களுக்கும், முதலைகளுக்கும் மிஞ்சியது. அங்கேயே கரையோரம் சாப்பிட்டோம். முக்கொம்புக்கு மாட்டுவண்டியில் போன கதையை அம்மா நூறாவது தடவையாகச் சொன்னாள்.

அங்கிருந்து சாக்கி நாக்கா வழியாகக் கீழே இறங்கினோம். இந்த இடத்தில் ஆறு ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பட்டறைகளுக்குப் பின்னால் ஒளிந்து, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து வருகிறது. ஓடுபாதைக்காக ஆற்றையே வளைத்திருக்கிறார்கள். குர்லா சி.எஸ்.டி. ரோடு பாலத்தில் மறுபடி பார்த்தோம். கறுப்பாக, குறுகலாக. அம்மா எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ். ஒரு காலத்தில் இது ஆற்றோரச் சதுப்பு நிலம், அலையாத்திக் காடு. 1977-ல் திட்டமிடும் பொறுப்பு எம்.எம்.ஆர்.டி.ஏ.விடம் வந்தது. இன்று கண்ணாடிக் கட்டடங்கள். 2005 ஜூலை 26 அன்று அதில் ஒன்றில்தான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. ராத்திரி முழுக்க மேஜை மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் சயான் வரை நடந்தேன். அன்றைக்கு மித்தியைத் திட்டாத ஆள் இல்லை. நானும் திட்டினேன். ஆற்றின் இடத்தில் உட்கார்ந்திருந்தது நாங்கள்தான் என்று தோன்றவே இல்லை. நான் கையெழுத்துப் போட்ட வீட்டுக் கடன்களில் எத்தனை இந்தப் பள்ளத்தில் இருக்கிறதோ!

கடைசியில் தாராவி. இந்தப் பகுதியில்தான் மித்தி, பம்பாய்த் தீவுக்கும் சால்செட்டுக்கும் நடுவே எல்லையாக இருந்தது. அதனால்தான் வெள்ளைக்காரன் 1737-ல் இங்கே காலா கில்லா என்ற சிறு கோட்டையைக் கட்டினான். தாண்டிப் போக மாஹிம் காஸ்வே 1845-ல் திறந்தது. செலவைக் கொடுத்தவர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி லேடி ஆவாபாய். மக்களிடம் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. வங்கிக்காரனான எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கைக் காட்டினேன். அது பழைய குப்பைமேடு. மரம் வைத்து வளர்த்து 1994-ல் பூங்காவாகத் திறந்தார்கள். குப்பைமேடு காடாக முடியுமென்றால் ஆறு ஏன் முடியாது?

ஆற்றில் விட அம்மா மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டுவந்திருந்தாள். பாலத்தோரம் வண்டியை நிறுத்தி, "போடும்மா" என்றேன். தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேண்டாண்டா. இதுல ஏற்கெனவே நிறையப் போட்டிருக்கீங்க."

கை கூப்பிவிட்டு, பூவை வண்டிப் பிள்ளையாருக்கு வைத்தாள். வீடு திரும்பும் வழியில் மகள், "அப்பா, மித்தின்னா இனிப்புதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நாலா என்று சொல்வதில்லை. உங்கள் ஊர் ஆற்றுக்கும் ஒருநாள் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். பேரையாவது சரியாகச் சொல்லிக் கொடுப்போம்.