மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

கைத்தொலைபேசியில் கார் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். திடீரென ஒரு மெர்சிடிஸ் சி-கிளாஸ். 2015-ஆம் ஆண்டு வண்டி, கறுப்பு நிறம், தோல் இருக்கை. விலையைப் பார்த்தால், கிட்டத்தட்ட ஒரு புதிய புரோட்டோன் வாங்கும் பணம்தான்.

"இந்த விலைக்கு மெர்சிடிஸா? விடலாமா?" என்று மனசு கேட்கும்.

விடவும் வேண்டாம், அவசரப்பட்டு முன்பணம் கட்டவும் வேண்டாம். முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். விலை குறைந்தது காருக்குத்தான். அதன் உதிரிபாகங்களின் விலை அப்படியேதான் இருக்கிறது. இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்ற காரை எழுபதாயிரத்துக்கு வாங்கலாம். ஆனால் அதன் கியர் பாக்ஸ் கெட்டுப்போனால், வரும் பில் இரண்டு லட்சம் ரிங்கிட் காருக்கான பில்தான்.

ஏன் இவ்வளவு மலிவு?

புதுக் காருக்கான உத்தரவாதம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பழுதும் உரிமையாளரின் பொறுப்பு. பழுதுச் செலவு ஆரம்பிக்கும் அந்த நேரத்தில்தான் முதல் உரிமையாளர்கள் பலர் காரை விற்கிறார்கள். வாங்குபவர்களும் அந்தச் செலவுக்குப் பயப்படுவதால் விலை இறங்குகிறது.

அதற்காக எல்லா ஜெர்மன் கார்களும் தொல்லை என்று சொல்லிவிட முடியாது. மெர்சிடிஸ் கார்கள் பகாங்கின் பெக்கானில் பொருத்தப்படுகின்றன. பிஎம்டபிள்யூ, பினாங்குக்குப் பக்கத்திலேயே, கெடா மாநிலத்தின் கூலிமில் பொருத்தப்படுகிறது. அதனால் இந்த இரண்டு ரகங்களுக்கும் நம் நாட்டில் உதிரிபாகங்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை. ஒழுங்காகப் பராமரித்த வண்டி பல ஆண்டுகள் ஓடும். பராமரிக்காத வண்டியின் கணக்கைக் கடைசியில் வாங்கியவர்தான் தீர்க்க வேண்டும்.

சாலை வரி: சிசி எவ்வளவு என்று பாருங்கள்

வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கார்களுக்கும் ரோட் டேக்ஸ் வேறுபடும். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் கார்களுக்கான கணக்கு இது:

1,401 முதல் 1,600 சிசி வரை: 90 ரிங்கிட். சி180 (1,595 சிசி) இதில் வரும்.
1,991 சிசி (சி200): 375 ரிங்கிட் 50 சென்.
2,996 சிசி: 2,120 ரிங்கிட்.
3,498 சிசி: 4,371 ரிங்கிட்.

பழைய ஆறு சிலிண்டர் கார்கள் ஏன் அவ்வளவு மலிவாக விளம்பரத்தில் வருகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்டுதோறும் சாலை வரிக்கு மட்டும் நாலாயிரம் கட்ட நீங்கள் தயாரா?

எது முதலில் மக்கர் பண்ணும்?

டைமிங் செயின்: 2010 முதல் 2014 வரை இங்கு ஓடிய சி200-இன் 1.8 லிட்டர் டர்போ இன்ஜினில் இந்தச் செயின் தளர்வதும், அதன் முனையில் உள்ள பல்சக்கரம் தேய்வதும் மெக்கானிக்குகள் நன்கு அறிந்த பிரச்சினை. 2012 முதல் 2015-இன் தொடக்கம் வரையிலான பிஎம்டபிள்யூ 320ஐ கார்களில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்து உடையலாம். செயின் கழன்றால் இன்ஜினே போய்விடும். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். முதல் சில வினாடிகள் கடகடவென்று சத்தம் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

குளிரூட்டும் பாகங்கள்: ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டி, குழாய் இணைப்புகள் பலவும் பிளாஸ்டிக். நம்ம ஊர் வெயிலில், பாலத்தில் ஊர்ந்து போகும் நெரிசலில், அவை மொறுமொறுவென்று ஆகிவிடும். பல பிஎம்டபிள்யூ கார்களின் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. அது முன்கூட்டியே ஒழுகிக் காட்டாமல் திடீரென்று நின்றுவிடலாம். வெப்ப எச்சரிக்கை வந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.

கியர் எண்ணெய்: "இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய்" என்று சிலர் சொல்வார்கள். பிஎம்டபிள்யூவுக்கு எட்டு கியர் பெட்டியைச் செய்துதரும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது.

காற்று சஸ்பென்ஷன்: இ-கிளாஸ், எஸ்-கிளாஸ் ரகங்கள் சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். இரவில் நேராக நின்ற கார் காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தால் பை ஒழுகுகிறது என்று பொருள்.

ஹைப்ரிட் பேட்டரி: சி350இ, 330இ போன்ற பிளக்-இன் கார்களும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. முழுசாகச் சார்ஜ் செய்து, மின்சாரத்தில் மட்டும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். பேட்டரி உத்தரவாதம் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்.

இன்ஜின் எண்ணெயைப் பொறுத்தவரை, காரின் திரை காட்டும் நீண்ட இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டாம். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுவது பாதுகாப்பு.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

பினாங்கில் வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. 2017 நவம்பர் 4, 5-ஆம் தேதிகளில் வந்த பெருவெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர், ஏராளமான வாகனங்கள் மூழ்கின. வெள்ளம் புகுந்த காரைக் கழுவித் துடைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சொகுசு காரின் தரைவிரிப்புக்கு அடியில் வயர்களும் கணினிப் பெட்டிகளும் இருக்கின்றன. பழுது பல மாதம் கழித்துத்தான் தலைகாட்டும்.

இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கிறதா? இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துருவா? பின்பெட்டியில் ஸ்பேர் டயர் வைக்கும் பள்ளத்தில் மண்ணா? தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பணம் உங்களுடையது.

காப்புறுதியில் ஒளிந்திருக்கும் செலவு

முழுமையான காப்புறுதி எடுத்தாலே வெள்ளச் சேதத்துக்கும் பணம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. சிறப்பு அபாயப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, 'பெட்டர்மென்ட்'. பழைய காருக்குப் புதிய அசல் பாகம் போட்டால், அதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காடு, பத்து வயதும் அதற்கு மேலும் என்றால் 40 விழுக்காடு. அதாவது, பத்து வயது மெர்சிடிஸின் முன்பக்கம் இடிபட்டு 10,000 ரிங்கிட்டுக்குப் பாகங்கள் மாற்றினால், 4,000 உங்கள் பையிலிருந்து போகும். சில காப்புறுதி நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு இதை விலக்கித் தருகின்றன. கேட்டு வாங்குங்கள்.

கடன் கணக்கு

ஓர் உதாரணம். 70,000 ரிங்கிட் கார். 7,000 முன்பணம், 63,000 கடன். ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி, ஏழு ஆண்டு. வட்டி மட்டும் 15,435 ரிங்கிட். மாதத் தவணை சுமார் 934 ரிங்கிட். பத்து வயதுக் காரை வாங்கினால், கடன் முடியும்போது அதற்குப் பதினேழு வயது!

"அண்ணே, பேர் மாத்த வேணாம், மாசாமாசம் கட்டினா போதும்" என்று யாராவது சம்போங் பாயார் முறையில் தர முன்வந்தால் ஒதுங்கிவிடுங்கள். கடன் வேறொருவர் பெயரில், காரும் உங்கள் பெயரில் இல்லை. அவரிடம் நீங்கள் கொடுத்த பணம் வங்கிக்குப் போய்ச் சேராவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல்.

வாங்குவதற்கு முன்

புஸ்பகோம் சோதனையில் தேறிவிட்டது என்று விற்பவர் சொல்லலாம். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை, வண்டியின் அடையாள எண்களையும் அடிப்படைப் பாதுகாப்பையும்தான் பார்க்கும். கியர் பாக்ஸ் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று அது சொல்லாது.

எனவே, விற்பவருக்குத் தொடர்பில்லாத, அந்த ரகக் காரையே பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கணினியில் ஸ்கேன் செய்து, தூக்கி வைத்து அடிப்பாகம் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் பதிவுகளைக் கேட்டு, மீட்டரில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். 60,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லும்போது பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் நம்பாதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்கவில்லையா? அதுவே பதில்.

வாங்கிய பிறகு, பெட்டியில் கார்ச் சின்னம் இல்லாத பாகங்களையும் விசாரியுங்கள். போஷ், லெம்ஃபோர்டர், மாலே போன்ற நிறுவனங்கள் கார் ஆலைகளுக்கே பாகங்கள் கொடுப்பவை. அவற்றின் சொந்தப் பெயரில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு. ஹாஃப்-கட் கடையில் பழைய இன்ஜின் வாங்கிப் போட்டால், புதிய இன்ஜின் எண்ணை சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிய மறக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால்?

கார் வியாபாரியிடம் வாங்கியிருந்தால், மலேசியப் பயனீட்டாளர் இழப்பீட்டு நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். விளம்பரத்தின் படம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆலோசனைக்கு ஜார்ஜ்டவுனிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. ஆனால் தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த நடுவர் மன்றம் உதவாது.

கடைசியாக ஒரு கேள்வி

முன்பணம் கொடுத்த பிறகும், காரின் விலையில் பத்தில் ஒரு பங்காவது பழுதுச் செலவுக்கென்று தனியாக இருக்கட்டும். அடுத்த மாதமே 5,000 ரிங்கிட் பில் வந்தால், யாரிடமும் கடன் வாங்காமல் உங்களால் கட்ட முடியுமா?

முடியும் என்றால், நல்ல பதிவுள்ள வண்டியாகப் பார்த்து வாங்கி, ஆசை தீர ஓட்டுங்கள். முடியாது என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதே மாதிரி கார் அடுத்த வருஷமும் விளம்பரத்தில் வரும், அதுவும் இன்னும் கொஞ்சம் குறைந்த விலையில்.