வேதியியலுக்கு வந்த நுண்ணலை அடுப்பு

கரிமச் சேர்மம் ஒன்றைத் தயாரிக்க வேண்டுமானால், வினைபடு பொருள்களைத் தக்கதொரு கரைப்பானில் இட்டு, குடுவையின் மேல் குளிர்விப்பானைப் பொருத்தி, மணிக்கணக்கில் கொதிக்க விடுவதே நெடுநாளைய வழக்கம். பன்சன் சுடரடுப்பு, எண்ணெய்த் தொட்டி, மின் சூடேற்றி என்று வெப்பம் தரும் சாதனங்கள் மாறினவே தவிர, முறை மாறவில்லை. வெப்பம் முதலில் குடுவையின் சுவருக்கும், பிறகு சுவரிலிருந்து திரவத்திற்கும் சென்றாக வேண்டும். 1986ஆம் ஆண்டில் இவ்வழக்கத்திற்கு மாற்றாக ஒரு கருவி வந்தது. அது வீட்டுச் சமையலறையில் இருந்த நுண்ணலை அடுப்பு.

போர்க்காலத்துக் கண்டுபிடிப்பு

நுண்ணலை அடுப்பின் இதயம் மாக்னெட்ரான் என்னும் மின்னணுக் குழல். 1940 பிப்ரவரியில், இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டால், ஹாரி பூட் என்ற இரு இயற்பியலார், ஏறத்தாழ 10 செ.மீ. அலைநீளமுள்ள அலைகளை மிகுந்த வலிமையோடு உண்டாக்கும் மாக்னெட்ரானை இயக்கிக் காட்டினர். பகை விமானங்களைக் கண்டறியும் ரேடாருக்கு இது பெருந்துணையாயிற்று. அதே ஆண்டில் டிசார்ட் தலைமையில் சென்ற குழு இதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. அங்கே ரேத்தியான் நிறுவனம் இதனைப் பெருமளவில் உற்பத்தி செய்தது.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், இயங்கும் மாக்னெட்ரானின் அருகே நின்றபோது தம் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகியதைக் கண்டார் என்பர். மக்காச்சோள மணிகளை அதன் முன் வைத்தார், அவை பொரிந்தன. 1945ஆம் ஆண்டு அக்டோபரில், உணவைச் சூடாக்கும் இம்முறைக்கு அவர் காப்புரிமை கோரினார். 1947இல் வெளிவந்த முதல் அடுப்பு ஏறத்தாழ ஓர் ஆள் உயரமும் 340 கிலோகிராம் எடையும் கொண்டிருந்தது. மேசை மேல் வைக்கத்தக்க வீட்டு அடுப்பு 1967இல்தான் பரவலாக விற்பனைக்கு வந்தது.

உள்ளேயே பிறக்கும் வெப்பம்

வீட்டு அடுப்பில் பயன்படும் அலையின் அதிர்வெண் 2,450 மெகாஹெர்ட்ஸ். அதாவது, அதன் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை அலைவுறுகிறது. நீர், சாராயம் போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை சற்று நேர்மின் தன்மையும் மறுமுனை சற்று எதிர்மின் தன்மையும் உடையவை. மாறும் மின்புலத்தைப் பின்பற்றி அவை திரும்ப முயல்கின்றன. அண்டை மூலக்கூறுகள் தடுப்பதால் பின்தங்குகின்றன. இந்த இழுபறியில் அலையின் ஆற்றல் வெப்பமாகிறது. கரைசலில் அயனிகள் இருந்தால், அவை அங்குமிங்கும் இழுக்கப்பட்டு மோதுவதாலும் வெப்பம் பிறக்கிறது.

ஹெக்சேன் போன்ற மின்முனையற்ற திரவங்கள் ஏறக்குறைய சூடாவதே இல்லை. கண்ணாடியும் டெஃப்லானும் அலைகளைத் தடையின்றி விடுகின்றன. ஆகவே வெப்பம் பாத்திரத்தின் சுவர் வழியே வர வேண்டியதில்லை. திரவத்தின் உள்ளேயே பிறக்கிறது.

நீர் மூலக்கூறின் இயல்பான அதிர்வோடு இந்த அலை ஒத்திசைவதால்தான் நீர் சூடாகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. நீர் இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணில்தான் மிகுதியாக உறிஞ்சுகிறது. அத்தகைய அலையைப் பயன்படுத்தினால் உணவின் மேற்பரப்பே அதனை உறிஞ்சிவிடும், உட்பகுதிக்கு எட்டாது.

1986

சோதனைச்சாலைக்கு நுண்ணலை முதலில் பகுப்பாய்வாளர் வழியாக வந்தது. 1975இலேயே, உயிரியல் மாதிரிகளை அமிலத்தில் கரைக்க நுண்ணலை அடுப்பைப் பயன்படுத்திய ஆய்வு வெளிவந்திருந்தது. கரிமச் சேர்மங்களைத் தயாரிக்கவும் இது பயன்படும் என்பதை 1986இல் இரு குழுக்கள் காட்டின. ஒன்று, கனடாவில் சட்பரி நகரின் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கெடை குழு. மற்றொன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரேமண்ட் ஜிகேர், ஜார்ஜ் மாஜெடிச் ஆகியோரின் குழு. இருவரும் வீட்டு அடுப்புகளையே பயன்படுத்தினர்.

கெடை குழுவினர் வினைப்பொருள்களை மூடிய டெஃப்லான் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கினர். பென்சாமைடு நீராற்பகுப்படைந்து பென்சாயிக் அமிலமாக வழக்கமான முறையில் 1 மணி நேரம் ஆயிற்று. நுண்ணலையில் 10 நிமிடம். பென்சாயிக் அமிலமும் மெத்தனாலும் சேர்ந்து எஸ்டராக 8 மணி நேரம் தேவைப்பட்டது. நுண்ணலையில் 5 நிமிடம் போதியதாயிற்று. பென்சைல் குளோரைடின் பதிலீட்டு வினை ஒன்று 16 மணியிலிருந்து 4 நிமிடமாகக் குறைந்தது. விளைச்சலும் குறையவில்லை.

விந்தையா, வெப்பமா?

96 மடங்கு, 240 மடங்கு என்ற வேகங்களைக் கண்ட வேதியியலாரில் சிலர், வெப்பத்திற்கு அப்பாற்பட்ட ஒரு தனி ஆற்றல் நுண்ணலைக்கு உண்டோ என ஐயுற்றனர். 1990களில் இதுபற்றிப் பெரும் விவாதம் நடந்தது. அலை நேரடியாக வேதிப் பிணைப்பைத் தாக்குகிறது என்று கொள்ள இடமில்லை. கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்க 3 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நுண்ணலையின் ஒரு போட்டானிடம் இருப்பதோ ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் இலட்சத்தில் ஒரு பங்கு.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பள்ளியில் படிக்கும் விதி. மெத்தனால் திறந்த குடுவையில் 65 பாகை செல்சியசில் கொதிக்கும். அதற்கு மேல் சூடேறாது. மூடிய பாத்திரத்தில் அந்த எல்லை இல்லை. வெப்பநிலை 130 பாகையை எட்டினால் வேகம் ஆறரை முறை இரட்டித்து, ஏறக்குறைய 90 மடங்காகும். எஸ்டர் வினையில் கண்ட 96 மடங்கு வேகம் இதற்கு மிக அருகில் உள்ளது!

ஆனால் அந்த வெப்பநிலையில் மெத்தனாலின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 8 வளிமண்டல அழுத்தம். இதுவே ஆபத்து. தொடக்க கால ஆய்வுகளில் பாத்திரங்கள் வெடித்ததும் உண்டு.

விவாதம் நீண்டதற்குக் காரணம் வெப்பநிலையைச் சரியாக அளக்க முடியாமையே. சாதாரண வெப்பமானியை அடுப்பினுள் வைக்க இயலாது. அகச்சிவப்பு உணர்வி பாத்திரத்தின் வெளிச்சுவரையே அளக்கும். உள்ளே திரவம் அதைவிடச் சூடாக இருக்கலாம். 2009இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் காப்பே குழுவினர் ஒரு நல்ல வழி கண்டனர். சிலிக்கான் கார்பைடு என்னும் பொருள் நுண்ணலையைத் தானே உறிஞ்சிச் சூடாகும். உள்ளே உள்ள திரவத்திற்கு அலையை ஏறக்குறைய விடாது. இப்பொருளாலான குப்பியிலும் கண்ணாடிக் குப்பியிலும், ஒரே வெப்பநிலையில், 18 வினைகளை நடத்திப் பார்த்தனர். விளைவுகள் ஒத்திருந்தன. வினையை விரைவாக்கியது வெப்பமே என்பது இதனால் தெளிவாயிற்று.

பயனும் எல்லையும்

விந்தை மறைந்தாலும் பயன் குறையவில்லை. நியூஜெர்சியில் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த அஜய் போஸ், உயர்ந்த கொதிநிலைக் கரைப்பான்களைத் திறந்த பாத்திரத்தில் பயன்படுத்தி வெடிப்பு அபாயத்தைத் தவிர்த்தார். வேறு சிலர், கரைப்பானே இல்லாமல் வினைப்பொருள்களை அலுமினா, களிமண் ஆகியவற்றின் மீது படியச் செய்து சூடாக்கினர். இதனால் கழிவு குறைந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கட்டுப்படுத்தும் தனிக் கருவிகள் பரவின. புதிய மருந்துப் பொருள்களைத் தேடும் ஆய்வில் ஒரே நாளில் பல வினைகளைச் சோதித்துப் பார்க்க இவை உதவுகின்றன.

பெருமளவு உற்பத்திக்கு இம்முறை எளிதில் பொருந்தாது. பெரும்பாலான கரைப்பான்களில் நுண்ணலை சில சென்டிமீட்டர் ஆழமே ஊடுருவும். ஆதலின், பெரிய கலனின் நடுப்பகுதி பழைய முறையில்தான் சூடாக வேண்டும். குறுகிய குழாயில் திரவத்தை ஓடவிட்டுச் சூடாக்குவது இதற்கு ஒரு தீர்வாகும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டு அடுப்பில் எரியக்கூடிய கரைப்பானையோ மூடிய பாத்திரத்தையோ வைத்துச் சோதனை செய்யலாகாது. ஒரு சிறு தீப்பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ளும். 1986இல் வீட்டு அடுப்பில் தொடங்கிய இந்த வேதியியலை, இன்று அழுத்த உணர்வியும் பாதுகாப்புக் கதவும் உள்ள தனிக் கருவிகளில்தான் வேதியியலார் செய்கின்றனர்.