ஆண்களின் பாலியல் சிக்கல்கள்: மனமும் பழக்கமும் செய்யும் வேலை

'ஆண்மைக்குறைவு' என்று விளம்பரங்கள் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தும் நோய் மருத்துவத்தில் இல்லை. விறைப்பு வராமல் அல்லது நிலைக்காமல் போவது, விந்து முந்துவது அல்லது பிந்துவது, நாட்டம் குறைவது என்பவைதான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பங்களில் இதைப்பற்றி வைத்தியரிடம்கூடக் கதைப்பது குறைவு.

முதலில் உடலைப் பார்க்க வேண்டும். விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் வேலை. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியவை இரத்தக் குழாய்களைப் பாதிக்கும். ஆணுறுப்பின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் வரப்போகும் இதய நோய்க்கு விறைப்புக் குறைபாடு முன்னறிவிப்பாகவும் அமையலாம். தெற்காசியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். மனச்சோர்வுக்கான சில குளிசைகளும் நாட்டத்தைக் குறைக்கும், விந்தைப் பிந்தச் செய்யும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தூக்கத்திலோ அதிகாலையிலோ விறைப்பு வழமைபோல் வந்து, மனைவியுடன் இருக்கும்போது மட்டும் வராவிட்டால், மனக்காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். களைப்பிலோ குடியிலோ ஒரு நாள் தவறிப்போகிறது. அடுத்த முறை 'இன்றைக்கும் தவறுமோ' என்ற பயம் முன்னால் நிற்கிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, மீண்டும் தவறுகிறது. பிறகு கணவர் விலகிப் படுக்கிறார். தன்னைப் பிடிக்கவில்லை என்று மனைவி நினைக்கிறார். அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜோன்சன் 1970இல் இதை விளக்கினார்கள்: உறவில் ஈடுபடவேண்டியவர் தன் உடலையே சோதிக்கும் பார்வையாளராகிவிடுகிறார். அவர்களின் சிகிச்சை எளிமையானது. சில வாரங்களுக்கு உடலுறவு வேண்டாம், தொடுகை மட்டும் போதும் என்பார்கள். சோதனை நின்றால் பயமும் படிப்படியாகக் குறையும்.

வாழ்க்கை முறையும் சேர்ந்துகொள்ளும். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் இன்னொரு வேலை, கடன், முடிவு வராத அகதி விண்ணப்பம், பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கை. இவற்றின் நடுவே நாட்டம் குறைவது வியப்பல்ல. விந்து போனால் உடல் பலம் போய்விடும் என்ற பழைய நம்பிக்கையும் பல இளைஞர்களை வருத்துகிறது. இந்திய மனநல மருத்துவர் விக் இந்தப் பயத்துக்கு 1960இல் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். சுயஇன்பத்தாலோ கனவில் விந்து வெளியேறுவதாலோ பலம் குறையாது.

எங்கள் சமூகத்துக்கே உரிய இன்னொரு காரணம் சிறையிலும் முகாமிலும் நடந்தவை. சித்திரவதைக்கு உள்ளானோருக்கு உதவும் இலண்டன் மருத்துவ அமைப்பொன்றின் வைத்தியர்கள், 1997, 1998 ஆண்டுகளில் அங்கு அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 38 பேர், அதாவது ஐந்தில் ஒருவர், தடுப்புக்காவலில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் இது வெளியானது. உதவி நாடி வந்தவர்களின் கணக்கு இது. எல்லாத் தமிழ் ஆண்களின் கணக்கும் அல்ல. ஆனால் சொல்லாமல் வாழ்பவர்களும் உண்டு. இப்படிப்பட்டவருக்கு மனைவியின் அன்பான தொடுகைகூடப் பழைய அறையை நினைவூட்டலாம். கொடுமையின்போது உடல் தானாகக் காட்டிய எதிர்வினை சம்மதமும் அல்ல, அவருடைய குற்றமும் அல்ல.

எங்கே போவது? முதலில் ஜிபி எனப்படும் குடும்ப வைத்தியரிடம். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டாம். நீங்கள் சொல்வது இரகசியமாகவே இருக்கும். தேவையானால் பாலியல் உளவளத்துணைக்கு அனுப்பும்படி கேளுங்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இங்கிலாந்தில் என்எச்எஸ் பேச்சுச் சிகிச்சைக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். மேலே சொன்ன மருத்துவ அமைப்பு 2011 முதல் 'ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்' என்ற பெயரில் இலண்டனில் இயங்குகிறது.

சில்டெனாபில் 50 மில்லிகிராம் குளிசையை 2018 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். நெஞ்சு நோவுக்கு நைத்திரேற்று மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். இணையத்தில் விற்கும் பெயர் தெரியாத மருந்துகளையும் 'மூலிகை' என்று வரும் குளிசைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. 'உங்களுக்கு என்ன பிரச்சினை' என்று கேட்டால் அவருக்கு அது விசாரணை போலத்தான் இருக்கும். 'இரண்டு பேருமாக வைத்தியரிடம் போவோமா' என்று கேட்டுப் பாருங்கள்.