யுவெந்தூஸ்: காசு கொடுத்து நுழைந்த இளமை

இளமை என்றதும் நம் மனத்தில் எழுவன மலர்ச்சியும் காதலும் கவலையின்மையும்தாம். பண்டை ரோமானியர் இளமைக்கு வழங்கிய 'யுவெந்தூஸ்' என்னும் லத்தீன் சொல்லிலோ போர்முரசின் ஒலியும் சேர்ந்தே கேட்கிறது.

'யுவெனிஸ்' என்றால் இளைஞன். வடமொழியின் யுவன், யுவதி ஆகிய சொற்களும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் ரோமானியரின் வயதுக்கணக்கு நம்மை வியக்க வைக்கும். அறிஞர் வாரோ வகுத்த பருவங்களைக் கி.பி. 238-இல் சென்சோரினுஸ் எடுத்துரைக்கிறார்: 15 வயது வரை சிறுவன், 30 வரை 'அடுலெஸ்கென்ஸ்', அதாவது வளர்பவன், 45 வரை யுவெனிஸ். வழக்கில் இவ்வெல்லைகள் நெகிழ்ந்தும் இருந்தன. கி.மு. 63-இல் தம் 43-ஆம் வயதில் கான்சலாக இருந்த சிசரோ, முதுமையில் அந்நாளை நினைவுகூரும்போது தம்மை அடுலெஸ்கென்ஸ் என்றே குறிப்பிடுகிறார்.

நாற்பதைக் கடந்தும் ஒருவன் இளைஞனாக இருந்ததற்கான விடை படைக்கணக்கில் கிடைக்கிறது. 17 முதல் 46 வயது வரை களத்துக்கு அழைக்கத்தக்கோர் 'யூனியோரெஸ்', இளையோர் எனப்பட்டனர். ஆகவே யுவெந்தூஸ் என்பது ஒரு பருவத்தின் பெயராக மட்டும் நிற்காமல், ஆயுதம் தாங்கத்தக்க ஆடவர் திரளின் பெயராகவும் ஆயிற்று.

இளமைக்கு யுவெந்தாஸ் என்றொரு தெய்வமும் உண்டு. ஆண்மைப் பருவம் எய்திய ஒவ்வொருவனுக்காகவும் அவள் கருவூலத்தில் ஒரு காசு செலுத்த வேண்டும் என்பது மன்னர் செர்வியுஸ் துல்லியுஸ் வகுத்த விதி என்கிறார் தியொனீசியுஸ். படைக்குத் தகுதியானோர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசு அறிவதே அதன் நோக்கம். காணிக்கையாகத் தோன்றுவது உண்மையில் தலைக்கணக்கு! கி.மு. 207-இல் ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ருபாலை எதிர்கொண்ட லிவியுஸ் சலினாத்தோர் இவளுக்கே கோயில் நேர்ந்துகொண்டார்.

பேரரசர் அகுஸ்துஸ் காலத்தில் அவருடைய பேரர்களான காயுஸ், லூசியுஸ் இருவருக்கும் 'இளையோர் தலைவன்' என்னும் பட்டமும், வெள்ளிக் கேடயங்களும் ஈட்டிகளும் வழங்கப்பட்டன. லூசியுஸ் கி.பி. 2-இலும் காயுஸ் கி.பி. 4-இலும் மாண்டனர். இருவருமே 25 வயதை எட்டவில்லை.

பின்னாளில் இச்சொல்லின் வழித்தோன்றல் ஆங்கிலத்தில் 'ஜுவனைல்' ஆயிற்று. 1899-இல் சிகாகோவில் அப்பெயரில் சிறாருக்கெனத் தனி நீதிமன்றம் அமைந்தது. நாற்பது வயதுப் போர்வீரனைச் சுட்டிய சொல், பெரியவருக்குரிய தண்டனையிலிருந்து காக்க வேண்டிய சிறுவனைச் சுட்டலாயிற்று. பொருள் தலைகீழானாலும் ஒன்று மாறவில்லை: இளமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் கோட்டை அன்றும் இன்றும் அரசே வரைகிறது.