மண்மேடு காத்த சரித்திரம்

கோட்டை என்றவுடன் கருங்கல் மதிலையே நாம் நினைக்கின்றோம். மரமும் மண்ணும் கொண்டு சமைத்த கோட்டைகளும் முற்காலத்து ஆட்சிக்கு அரணாயிருந்தன என்பதற்கு, வேல்ஸ் நாட்டில் மான்ட்கமரி நகருக்கு அருகேயுள்ள ஹென் டோமென் சான்றாகும். அந்நாட்டு மொழியில் அதற்குப் 'பழைய மேடு' என்பது பொருள்.

நார்மானியர் 1066-ல் இங்கிலாந்தை வென்ற பின்னர், அவர்தம் பிரபுவாகிய ரோஜர் என்பார் செவர்ன் ஆற்றுத் துறையைக் காக்க இதனை எழுப்பினார். 1086-ம் ஆண்டின் நிலக்கணக்காகிய டூம்ஸ்டே ஏடு இக்கோட்டையைக் குறிக்கின்றது. 1223-ல் மூன்றாம் ஹென்றி மன்னர் அண்மையிலுள்ள பாறைமீது கற்கோட்டை தொடங்கவே, பழையது பெருமை குன்றிற்று. நாளடைவில் மரம் மக்கிற்று. மேடும் அகழியுமே எஞ்சின.

1960 முதல் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பிலிப் பார்க்கர் முதலிய அறிஞர் அங்கே பொறுமையுடன் அகழ்ந்தனர். தூண்கள் நின்ற குழிகளையும் மண்ணின் நிறவேறுபாட்டையும் கொண்டே, வேலியும் வீடுகளும் பன்முறை புதுப்பிக்கப்பெற்றமையை அறிந்தனர். அரணுக்கு அடியிலோ, அது தோன்றுமுன்னரே உழப்பட்ட வயலின் சால்கள் வெளிப்பட்டன!

பிரபுவின் பெயரை ஏடு காத்தது. உழவரின் உழைப்பை மண்ணே காத்தது. ஆதலின், கல்லும் சாசனமும் இல்லாத குடிக்குச் சரித்திரம் இல்லை என்பார் கூற்றை நாம் ஒப்போம். பழைய மேட்டை ஆராயுமுன் வெட்டிச் சமன் செய்வோர், பெயர் எழுதப்படாதவரின் ஒரே சாசனத்தை அழிப்பவராவர் என்பதை நேயர்கள் உணர்வார்களாக.