தேம்ஸ் கரையின் இரண்டு இசைக்கூடங்கள்

லண்டனின் தென்மேற்கே ட்விக்கன்ஹாம் ஊரை ஒட்டி, தேம்ஸ் ஆற்றின் நடுவே சின்னத் தீவு ஒன்று இருக்கிறது. பெயர் ஈல் பை. அங்கிருந்து ரிச்மண்ட், கியூ, மார்ட்லேக் எனத் தண்ணீர் போகும் போக்கிலேயே போனால் பார்ன்ஸ் வரும். அங்கே கரையோரச் சாலையில் புல்ஸ் ஹெட் என்றொரு பப். ராக் இசையின் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் இடத்தைத் தவறாமல் சொல்வார்கள். இரண்டாவதை ஜாஸ் ரசிகர்களைத் தவிர அதிகம் பேர் நினைப்பதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

தீவில் இருந்தது 1830இல் கட்டிய ஹோட்டல். படகில் வந்து பொழுதுபோக்கிவிட்டுப் போகும் லண்டன்காரர்களின் இடமாக ஈல் பையை டிக்கன்ஸ் தன் நாவலொன்றில் குறிப்பிட்டிருக்கிறார். பின்னாளில் அங்கே நடன மாலைகள் நடந்தன. அதன்பின் கட்டிடம் தளர்ந்தது. 1956இல் ஆர்தர் சிஸ்னால் என்பவர் அந்தப் பழைய நடனக் கூடத்தில் ஜாஸ் இரவுகளைத் தொடங்கினார். கரையையும் தீவையும் இணைக்கும் நடைபாலம் அடுத்த ஆண்டுதான் வந்தது. அதுவரை கேட்க வந்தவர்களும் வாத்தியங்களும் படகில் ஆற்றைக் கடந்தே வர வேண்டியிருந்தது. பாலம் வந்த பிறகும் அப்போது சில்லறை கொடுத்துத்தான் அக்கரை போக முடிந்தது. உறுப்பினர்களுக்கு ‘ஈல்பைலாந்து’ என்ற கற்பனை நாட்டின் பாஸ்போர்ட்டையே அச்சிட்டுக் கொடுத்தார் சிஸ்னால். வீட்டையும் பள்ளியையும் விட்டு ஒரு ராத்திரியாவது வேறு நாட்டுக்குப் போய்வர ஏங்கிய பிள்ளைகளை அவருக்குப் புரிந்திருந்தது. இசையைவிட அவர்கள்மீதுதான் அவருக்கு அக்கறை அதிகம் என்றே நினைக்கிறேன்.

கென் காலியர், ஆக்கர் பில்க் போன்றோரின் பழைய பாணி ஜாஸில் தொடங்கிய மேடை, பிள்ளைகளின் ரசனை மாற மாறத் தானும் மாறியது. 1963இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கே தொடர்ந்து வாசித்தார்கள். 1964 ஜனவரியில் தீவுக் கச்சேரி முடிந்து ட்விக்கன்ஹாம் ரயில் நிலையத்துக்கு வந்த லாங் ஜான் பால்ட்ரி, நடைமேடையில் ஒரு பையன் ஹார்மோனிகா வாசிப்பதைக் கேட்டுத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன் ராட் ஸ்டூவர்ட். தற்செயல் என்று இதைத் தள்ள எனக்கு மனமில்லை. பேர் தெரியாத பிள்ளைகளும் மேடைக்காரர்களும் ஒரே ரயிலுக்குக் காத்திருக்கும்படியான இடம் அது.

பார்ன்ஸில் இத்தனை பரபரப்பு இல்லை. புல்ஸ் ஹெட் இருக்கும் இடத்தில் 1684 முதலே விடுதி உண்டு. ஜாஸ் வந்தது 1959இல். சோஹோவில் ரானி ஸ்காட் தன் புகழ்பெற்ற கிளப்பைத் திறந்த அதே ஆண்டு. ‘புறநகரின் ரானி ஸ்காட்ஸ்’ என்றே பிறகு இதைச் சொன்னார்கள். டப்பி ஹேய்ஸ், ஹம்ஃப்ரி லிட்டல்டன், பியானோக் கலைஞர் ஸ்டான் டிரேசி எல்லாரும் வாசித்தார்கள். சிறிய அறை. ஆடுவதற்கல்ல, உட்கார்ந்து கேட்பதற்கு.

முடிவைத் தீர்மானித்தது இசையல்ல, கூரை யாருடையது என்பதுதான். சிஸ்னால் தீவு ஹோட்டலின் உரிமையாளர் அல்லர். கட்டிடம் வேறொருவருடையது, கச்சேரிகளை விட்டால் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி வருமானமும் இல்லை. 1967இல் பழுதுபார்ப்புக்கு 2,00,000 பவுண்டு வேண்டும் என்ற நிலை வந்தபோது மூடுவதைத் தவிர வழியில்லை. ஒரு நடனக் கூடம் எத்தனை இரவு நிரம்பினாலும் அந்தப் பணத்தை எடுக்க முடியுமா? 1969இல் வேறு பெயரில் கொஞ்ச காலம் மேடை மீண்டும் ஒலித்தது. பிளாக் சபாத் வாசித்தது அப்போதுதான். பிறகு கட்டிடம் ஹிப்பிகளின் கூட்டுக் குடியிருப்பானது. 1971இல் எரிந்தது. காரணம் இன்றுவரை துலங்கவில்லை.

புல்ஸ் ஹெட்டில் பியர் விற்பவரும் மேடை கொடுப்பவரும் ஒருவரே. மழை இரவில் உள்ளறையில் பத்துப் பேர் இருந்தாலும் முன்னறையில் வியாபாரம் நடக்கும். சாக்ஸபோன்காரருக்குக் கூலி கொடுத்துவிடலாம். அறையின் சிறுமையே அதற்குக் காப்பானது. சில நூறு பேரை வரவழைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லாததால் ரசனை மாறும்போதெல்லாம் பின்னால் ஓட வேண்டியதில்லை. ஸ்டோன்ஸ் காலத்திலும் அது ஜாஸை விடவில்லை.

இதனால் தீவைக் குறைத்துச் சொல்வதாகாது. கைதேர்ந்தவர்களுக்கு மேடை தருவதில் பார்ன்ஸ் சிறந்தது. தேறாத பிள்ளைகளை நம்பியது தீவு. அந்த நம்பிக்கை இல்லாமல் அறுபதுகளின் ஆங்கில இசை இப்படி வளர்ந்திருக்காது. ஆனால் ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் ஒரு கலைஞர் திரும்பத் திரும்ப வந்து வாசிக்க ஓர் அறை வேண்டுமே. ஸ்டான் டிரேசிக்கு அப்படியோர் அறை இருந்தது.

ஹோட்டல் நின்ற இடத்தில் இப்போது வீடுகள். தீவின் நினைவைக் காக்க ட்விக்கன்ஹாமில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். புல்ஸ் ஹெட்டில் கச்சேரி நடக்கிறது.