புதிய காயும் காவலற்ற சிப்பாயும்: கப்பபிளாங்காவின் சதுரங்கம்

வல்லவர்கள் மோதும் ஆட்டங்கள் எல்லாம் சமநிலையிலேயே முடியும் காலம் வரும் என அஞ்சிய ஹொசே ரவுல் கப்பபிளாங்கா, 1920களில் பலகையைப் 10×8 கட்டங்களாக அகட்டி, ஒவ்வொரு படையிலும் இரு புதிய காய்களைச் சேர்த்தார். கோட்டையின் நடையும் குதிரையின் நடையும் இணைந்தது சான்சலர். மந்திரியின் நடையும் குதிரையின் நடையும் இணைந்தது ஆர்ச்பிஷப். இவ்விணைப்புகள் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. சிசிலியப் பாதிரியார் பியெத்ரோ கரேரா 1617இல் வெளியிட்ட நூலிலேயே இவை உள்ளன.

ஆர்ச்பிஷப் நுட்பமான படைப்பு. ஒரே நிறக் கட்டங்களில் அடைபட்ட மந்திரிக்குக் குதிரைநடை நிறம் மாற வழி தருகிறது. மூலையில் ஒதுங்கிய தனியரசனுக்கு, மூலைவிட்டத்தில் இரண்டாம் கட்டத்தில் நின்றபடி, துணையின்றியே செக்மேட் வைக்கவல்லது அது. சிக்கல் காயின் வலிமையில் இல்லை. அது நிற்கும் இடத்தில் எழுந்தது.

கப்பபிளாங்கா சான்சலரை அரசன் பக்கத்திலும் ஆர்ச்பிஷப்பை அரசி பக்கத்திலும், மந்திரிக்கும் குதிரைக்கும் இடையே நிறுத்தினார். வழக்கமான ஆட்டத்தில் குதிரையின் முன்னுள்ள சிப்பாயைக் காப்பது அருகிலிருக்கும் மந்திரி. இங்கு அம்மந்திரி ஒரு கட்டம் விலகிவிட்டது. சான்சலருக்கோ மூலைவிட்ட நடை இல்லை. எனவே அரசன் பக்கக் குதிரையின் முன்னுள்ள சிப்பாய்க்கு எக்காயின் காவலும் இல்லை. வெள்ளை, அரசிப்பக்க மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்தியதுமே ஆர்ச்பிஷப்பின் வழி திறந்து, கறுப்பின் அச்சிப்பாய் தாக்குதலுக்கு உள்ளாகிறது. முதல் நகர்விலேயே இது நேர்வதைச் சிறு குறை எனக் கொள்ள இயலாது.

அவருக்கு முன்பே, 1874இல், ஹென்றி பேர்ட் இவ்விரு காய்களையும் அரசன், அரசிக்கு அருகே நிறுத்தியிருந்தார். அவ்வடுக்கில் குதிரைகளின் முன்னுள்ள சிப்பாய்கள் மந்திரியின் காவலிலேயே நிற்கின்றன. ஆயின் அரசிப்பக்க மந்திரியின் முன்னுள்ள சிப்பாய் காவலை இழக்கிறது.